இடம் மாறின துண்டு

ஜூலை 8, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். ப்ளஸ் டூ-வுக்குக் குன்றல் பகுப்பு, விந்தும் முட்டையும் உருவாகறப்ப செல் பிரியற பாடம். குரோமோசோம் எல்லாம் உட்கருச் சவ்வுல நுனியை ஒட்டிக்கினு, இழுபட்டு, அலைஞ்சு, தன் ஜோடியைத் தேடிப் பிடிக்கும்னு சொன்னேன். பின் பெஞ்சுல பாதி தூக்கம்.
வாங்கணும்: துவரம்பருப்பு, சிவப்பு பேனா.
நாளைக்கு சென்னை. மூணாவதும் கலைஞ்சப்புறம் என் ரத்தம், இவர் ரத்தம் ரெண்டும் குடுத்தோமே, அதுக்கு ரிசல்ட். அத்தை மறுபடியும், "பப்பாளி கிப்பாளி தின்னியா?"

ஜூலை 9, புதன்
எனக்கு ஒண்ணுமில்ல. இவருக்கு.
டாக்டரம்மா வரைஞ்சு காட்டினாங்க. ரெண்டு குரோமோசோம்ல ஆளுக்கொரு துண்டு இடம் மாறி ஒட்டியிருக்குது. மொத்தத்துல எதுவும் குறையல. அதான் இவர் நல்லா இருக்கார். விந்து உருவாகறப்பதான் சிக்கல். ஜோடி சேர வந்தா, ரெண்டு ரெண்டா நிக்க முடியாம நாலும் சிலுவை மாதிரி பின்னிக்குது. பிரியறப்ப சிலதுல துண்டு கூடுது, சிலதுல குறையுது; அந்தக் கருதான் கலையுது.
வருஷா வருஷம் நான் நடத்தற பாடம்.
இவர்: "கல்லு மாதிரி இருக்கறேனே டாக்டர்?"
"நல்லபடியா பிரியறதும் உண்டுப்பா. குழந்தைக்கு வாய்ப்பு இருக்குது. கூடப் பொறந்தவங்க யாராவது?"
இவர் முகம் வெளிறிப் போச்சு. செல்வி அக்கா. இவருக்கு மூத்தவங்க. ரெண்டு கலைஞ்சதும் ராசியில்லாதவன்னு புருஷன் வீட்டுல திருப்பி அனுப்பிட்டாங்க. இப்ப எங்க வீட்டுத் தறியில.


ஜூலை 10, வியாழன்
இவர் சொன்னதும் அத்தை ஒரே கத்தல். "எங்க வம்சத்துல அப்படி யாருக்கும் கெடையாது!"
தறிச் சத்தம் நின்னுச்சு. செல்வி அக்கா தறிக்குழியை விட்டு எழுந்திரிக்கல.
"எனக்கும் அதுவா இருக்குமாம்மா?"
"இருக்கலாம்க்கா."
"அப்ப என் தப்பு இல்லியா?"
"யார் தப்பும் இல்லக்கா."
"இத்தினி வருஷம்..." சோறு வேணான்னுட்டாங்க.

ஜூலை 12, சனி
லீவு. லேசா தூறல். அக்காவை ரத்தம் குடுக்கக் கூட்டிக்கினு போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து லேப். கூப்பிடாமலே அத்தையும் வந்தாங்க.
அக்கா எழுந்ததும் அதே நாற்காலியில அத்தை உக்காந்து கையை நீட்டினாங்க.
"எனக்கும் எடும்மா."
"உங்களுக்கு எதுக்கு அத்தை?"
"செல்விக்கு முன்னால ரெண்டு போச்சு. உங்க மாமாகிட்டகூட சொன்னதில்ல. துரத்திடுவாங்கன்னு பயம்."
அக்கா சுவத்தைப் புடிச்சுக்கினாங்க. "என்னைத் துரத்தினப்பகூட சொல்லலியேம்மா."
அத்தை நிமிரல. நீட்டின கையையும் எடுக்கல.
லேப் பொண்ணு: "பேரு சொல்லுங்கம்மா."