வலி வேறு, பயம் வேறு என்று எழுதிவைத்தவளுக்கு

என் செல்லத் தங்கச்சி லீமாவுக்கு,

நீ எங்களை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. நான் குளச்சலில் அதே மீன் வியாபாரம்தான். அம்மாவுக்கு முட்டுவலி, ஆனால் நடையைக் குறைக்கவில்லை.

ஒருமுறை கடலுக்குப் போனபோது படகுக் கயிற்றில் சிக்கி என் இரண்டு விரல்கள் நசுங்கின அல்லவா? கரை சேரும்வரை வலியே தெரியவில்லை. "மாதா காப்பாத்தினா" என்று போனில் சொன்னேன். பெங்களூரிலிருந்து நீ சிரிக்காமல் பதில் சொன்னாய்: "இருக்கும் அண்ணா. ஆனா ஒன் மூளையே அபின் மாதிரி ஒண்ணச் சொரந்திருக்கு. பெப்டைடுன்னு பேரு. நான் அதத்தான் ஆராய்ச்சி பண்ணுதேன்."

எலி மூளையை மெல்லிசாகச் சீவி, உப்புநீரில் உயிரோடு வைத்து, அதில் ஒரு துளி பெப்டைடு விட்டுவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பாயாம். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு எவ்வளவு பொறுமையாகச் சொன்னாய்!

"பெப்டைடு சாவின்னா, ஏற்பி அதுக்குள்ள பூட்டு. நடுமூளையில உள்ள ஏற்பியத் தொட்டா வலி அடங்கும். இன்பத்துக்குள்ள எடத்துல தொட்டா சந்தோசம். அதே எடத்துல வேற பெப்டைடு வேற ஏற்பியத் தொட்டா மனசு கெடந்து தவிக்கும், அண்ணா."

பிறகு உனக்கே எலும்பில் புற்றுநோய் வந்தது. வீட்டுக்கு வந்தாய். டாக்டர் மார்ஃபின் எழுதினார். அம்மா அந்த மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தாள். நீ தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாய்.

"அது போதை மருந்துல்லா மக்களே! நீ அதுக்கு அடிமையாயிருவ."

"அம்மா, நம்ம மூளை சொரக்குறது எனக்குப் பத்தல. இதுவும் அதே ஏற்பியத்தான் தொடும். டாக்டர் சொன்ன அளவுதான் எடுப்பேன். வலியில்லாம ஒங்கிட்ட கொஞ்சம் பேசணும்மா."

அம்மா அழுதுகொண்டே எடுத்து வந்தாள். அன்று சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து மீன்குழம்பு கேட்டாய். பாதியில் நின்ற ஆய்வுக் கட்டுரையையும் படுக்கையிலேயே முடித்தாய்.

ஒவ்வொரு மாத்திரைக்கும் பிறகு வலி, தூக்கம், மூச்சு, மனசு என்று நோட்டில் குறித்தாயே. ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: 'வலி குறைந்துவிட்டது. பயம் குறையவில்லை. இரண்டுக்கும் வேறு வேறு இடம் போல.' இத்தனை பயத்தோடா எங்களைச் சிரிக்கவைத்தாய்? அந்தத் தைரியம் மூளையில் எந்த இடத்திலிருந்து வந்தது, லீமா?

போன வாரம் பக்கத்துத் தெரு சேசையாவுக்கும் அதே நோய் என்று தெரிந்தது. டாக்டர் எழுதிய மார்ஃபினைக் கொடுக்க வீட்டார் பயந்தார்கள். அம்மாதான் முட்டுவலியோடு நடந்துபோய்ச் சத்தம் போட்டாள்: "மாத்திரையக் குடுங்க! எம்மவ இதப் படிச்சவ. குடிச்சும் பாத்தவ."

நேற்று சேசையா நன்றாகத் தூங்கினாராம்.

இனி அம்மா தனியாக நடக்க வேண்டாம். இந்தக் கரையில் எந்த வீட்டில் அந்த மாத்திரைக்குப் பயந்தாலும், அம்மாவை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

நீ சொன்னதில் பாதிதான் புரிந்த,
உன் அண்ணன்
அந்தோணி