குலம் கேட்க மறந்த வாரம்

ஏப்ரல் 3
காலையிலிருந்து காற்று. பல்லிடுக்கெல்லாம் சிவப்பு மணல். ஆறு பயணிகளோடு சுற்றுலா ஜீப்பை மணல்மேட்டில் புதைத்துவிட்டேன். எட்டு வருடமாக இந்தப் பாறைகளுக்கிடையே ஓட்டுகிறவள்! புதிதாகச் சேர்ந்த டிரைவர் லியாண்டர் வந்து கயிறு கட்டி இழுத்தான். "டயர்ல காத்தை எறக்காமயா மணல்ல ஏறுன? பலே ஆளு நீ!" என்று சிரித்தான். அவமானமாக இருக்க வேண்டும். இல்லையே. ஏன் இல்லை?

ஏப்ரல் 4
ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழுகிறது அவனுக்கு.

ஏப்ரல் 9
காற்று குடைந்த பாறை ஜன்னலில் உட்கார்ந்து அவனோடு ஆட்டுக்கறியும் ரொட்டியும். ஒரு பயணி, "இந்தப் பாறையெல்லாம் யார் செதுக்கினது?" என்று கேட்டானாம். "எங்க மாமாதான், ரெண்டு வாரம் லீவு போட்டு," என்றானாம் இவன். எனக்குப் புரையேறிவிட்டது.

வீட்டில் அக்கா கார்லீன் கேட்டாள்: "அவன் எந்தக் குலம்டி?"

ஐயோ! யாரைப் பார்த்தாலும் எங்கள் நவஹோ பழங்குடி ஜனம் முதலில் கேட்பது அதைத்தானே. கயிறும் மணலுமாக இருந்ததில் மறந்தே போனேன். அவனும் எங்கள் உப்புக் குலமாக இருந்தால் எனக்கு அண்ணன் முறை. அத்தோடு சரி.

ஏப்ரல் 10
கேட்கவில்லை.

ஏப்ரல் 11
"நீ கேக்கறியா, இல்ல நான் ஜீப் ரேடியோவுல கேக்கட்டுமா? எல்லா டிரைவரும் தெரிஞ்சுக்கட்டும்," என்கிறாள் அக்கா. ராட்சசி.

ஏப்ரல் 12
கேட்டுவிட்டேன்! அவன் முகம் வெளுத்தது. "ஷாண்டீன், நானும் வேணும்னேதான் கேக்கல. பயம்," என்றான். கடைசியில் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு குலப் பெயரை மணலில் எழுதினோம். ஓடிப் போய்ப் பார்த்தால் அவன் எழுதியதில் பாதியைக் காற்று தின்றிருந்தது. "வாயால சொல்லித் தொலையேன்!" என்று கத்தினேன். எதிர்ப் பாறையும் கத்தியது.

"அம்மா வழி கசப்புநீர்க் குலம்! அப்பா வழி சேத்துக் குலம்!"

எங்கள் வீட்டில் எந்தப் பக்கத்திலும் ஒட்டவில்லை! மணல்மேட்டு உச்சியிலிருந்து அடிவரை உருண்டேன். முப்பது வயதுக் கழுதை நான்.

ஏப்ரல் 13
அம்மாவிடம் சொன்னேன். பாறையோரத்துத் தன் ரொட்டிக் கடையில் ரொட்டியை எண்ணெயில் திருப்பிப் போட்டபடி, "பாப்போம்," என்றாள். அம்மாவின் 'பாப்போம்' பெரும்பாலும் 'வேண்டாம்'தான்.

ஏப்ரல் 20
லியாண்டர் தினமும் அம்மா கடைக்குப் போகிறான். அம்மா அவனை நேருக்கு நேர் பார்த்து, "உப்பு போதுமா?" என்கிறாள். எங்களில் மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண் போய்விடும். மருமகனாக எண்ணினால் இவள் இவ்வளவு நன்றாகப் பார்ப்பாளா?

ஏப்ரல் 27
அவன் ஜீப் பாறை வளைவில் திரும்பியதுதான் தாமதம். அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு, தலைத்துணியை முகத்துக்கு இழுத்துக்கொண்டு, பாறைக்குப் பின்னால் ஓடினாள். அறுபத்திரண்டு வயதில் அப்படியொரு ஓட்டம்!

"போயிட்டானாடி?" என்று அங்கிருந்து குரல்.

"இல்லம்மா."

"அப்போ ரொட்டிய நீயே குடு. பெருசா பாத்துக் குடு."