கதவுக்குள் அடங்காத பூ

மே 29
கடைசி மண் இதழையும் ஒட்டிவிட்டேன். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. கடல்பாசியா, செவ்வந்தியா, இரண்டும் கட்டிப் புரண்டதா? எனக்கே தெரியாது. பதினைந்து வருடமாக உள்ளங்கை அளவில் பூ ஜாடிகள் செய்த கை, முதன்முறையாக நெஞ்சு உயரத்துக்கு ஒன்று செய்திருக்கிறது. நகோயா கண்காட்சிக்காக ஜூலை 18 லாரி வரும்.

மே 30
முட்டாள். முட்டாள். சூளை அறையின் கதவு அகலம் எழுபத்தெட்டு சென்டிமீட்டர். பூ எண்பத்திரண்டு! அடிப்பாகத்தை மட்டும்தான் அளந்திருக்கிறேன். இதழ்கள் அவை பாட்டுக்கு வெளியே போய்க்கொண்டிருந்திருக்கின்றன.

தங்கை நாட்சுஹோ சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஓரத்துல நாலைக் கிள்ளிப் போடுக்கா. யாரு எண்ணப் போறா?"

"நான் எண்ணுவேன்டி."

ஜூன் 4
காயக் காய மண் சுருங்கும். அதைத்தான் நம்பியிருக்கிறேன். 81.

ஜூன் 12
மழைக்காலம் வந்துவிட்டது. துணியே காயவில்லை. 80.2.
நான் அனுப்பிய படத்தைப் பார்த்த நகோயா காட்சிக்கூடத்து அம்மாள் போனில், "அலங்காரம் கொஞ்சம் ஜாஸ்தியோ?" என்றார். ஜாஸ்திதான். வேண்டுமென்றுதான் செய்தேன். ஆனால் "சரிங்க" என்றேன். எதுக்கு சரிங்க?

ஜூன் 27
78.4. மண் முழுக்கக் காய்ந்து வெளுத்துவிட்டது, இனிமேல் சுருங்காது. நான்கு மில்லிமீட்டர்! சுட, ஆறவைக்க எல்லாம் நாள் வேண்டும். கத்தியை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன்— முடியல. என்னால முடியவே முடியாது.

ஜூன் 28
தச்சன் இசோபேயைக் கூப்பிட்டேன். என்னோடு படித்தவன், இரண்டு வீடு தள்ளி இருக்கிறான். வந்தவன் பூவைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தான்.

"சிஹாரு, ஒரு மாசமா பூவையா சுருக்கிட்டிருந்த?"

"ஆமா."

"கதவைப் பெரிசாக்கலாம்னு தோணலையா?"

நானும் நாட்சுஹோவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அரை மணி நேரத்தில் கதவு நிலையைக் கழற்றிவிட்டான். எண்பத்தாறு. சக்கரப் பலகையில் பூவை வைத்து, மூன்று பேரும் மூச்சுவிடாமல் தள்ளினோம். ஓர் இதழும் உதிரவில்லை. அப்புறம்தான் அவன் அதை நின்று பார்த்தான்.

"யம்மா! இது கடிக்குமா?"

இதுவரை யாரும் என் வேலையை இவ்வளவு நன்றாகப் பாராட்டியதில்லை.

ஜூலை 9
சூளையைத் திறந்தோம். வெள்ளை. ஓரங்களில் மட்டும் ரோஜா நிறம். பின்பக்கம் மூன்று இதழ்கள் சூட்டில் வளைந்திருக்கின்றன, என்னைக் கேட்காமலே அழகாக. அழுதேன். நாட்சுஹோ சோற்று உருண்டையை என் வாயில் திணித்தாள்.

ஜூலை 19
கண்காட்சி தொடங்கியது. காட்சிக்கூடத்து அம்மாள் பூவை ஒரு சுற்றுச் சுற்றினார். இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். போனில் சொன்னதை மறுபடி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்த முறை பதில் வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 22
காலையில் இருநூறு கிலோ மண் வந்து இறங்கியது. கானாசாவாவில் ஒரு விடுதி, தன் முன்கூடத்தில் வைக்க, இந்தப் பூவைவிட இரண்டு மடங்கு பெரிதாக ஒன்று கேட்டிருக்கிறது. பாகம் பாகமாகச் சுட்டுச் சேர்க்க வேண்டும்.

"இதை எந்த ரூம்லக்கா வெச்சு செய்யப் போற?" என்றாள் நாட்சுஹோ.

மண்ணை இறக்க வந்திருந்த இசோபே அதற்குள் உள்ளே போய், சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.