தெருக்கோடிச் சுவர்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். இங்கே நான் சௌக்கியம், உன் அப்பா என்னைவிடச் சௌக்கியம், எங்கள் இருவரையும்விடச் சௌக்கியமாக, நேராக, ஒரு விரிசல்கூட இல்லாமல் நிற்கிறது தெருக்கோடியில் எழும்பியிருக்கும் சுவர். போன வாரம் போனில் நீ அவரிடம் "நல்லதுதானேப்பா, பாதுகாப்புதானே" என்று சொன்னாயாம். அதை அவர் குடியிருப்போர் சங்கத்தில் ஏதோ வெளிநாட்டு நிபுணரின் கருத்து மாதிரி எடுத்துச் சொல்லிவிட்டார். நீ எதற்குத் தலையாட்டினாய் என்பது உனக்குத் தெரிய வேண்டும் அல்லவா, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இந்த வீட்டை விற்றவர்கள் "நகரத்துக்கு மிக அருகில்" என்று சொன்னது உனக்கு நினைவிருக்கும். பொய் இல்லை, மொட்டை மாடியில் ஏறினால் நகரம் தெரிகிறது. எல்லா வீடும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே மாதிரிக் கம்பிக் கதவு. எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் ஒரு நாள் நேராக நம் கூடத்துக்கு வந்து, செருப்பைக் கழற்றி, மின்விசிறியைப் போட்டு உட்கார்ந்து, என்னைப் பார்த்து "நீங்க யாரு?" என்று கேட்டார். பகலில் தெருவில் ஆள் நடமாட்டம் என்றால் அது குப்பை வண்டிதான். இப்படிப்பட்ட இடத்தில் நான் மூச்சுவிட்டுக்கொண்டிருந்ததற்குக் காரணம் தெருக்கோடியில் இரண்டு காலி மனைகளுக்கு நடுவே இருந்த ஒரு சந்து. யாரும் போட்ட பாதை இல்லை, நடந்து நடந்து தானாக விழுந்த ஒற்றையடித் தடம். அதில் போனால் பின்னால் இருக்கும் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு, அதைத் தாண்டினால் ரயில் நிலையம், ரயிலில் ஏறினால் என் அச்சகம், என் மேஜை, பிழை திருத்த எனக்காகக் காத்திருக்கும் காகிதக் கட்டு. வீடுகளில் பாத்திரம் தேய்க்க வருகிறவர்கள், குழாய் ரிப்பேர்காரர், பேப்பர் போடுகிறவர் எல்லோரும் அந்த வழியாகத்தான் வருவார்கள். சந்து இல்லையென்றால் நெடுஞ்சாலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அங்கே நடைபாதை கிடையாது, லாரிகள் உண்டு.

மூலை வீட்டு அம்மாவின் பூந்தொட்டி ஒன்று காணாமல் போனது. அவர் சங்கத்தின் பொருளாளர், சாதாரணமாகப் பேசினாலே நான்கு வீட்டுக்குக் கேட்கும், நாங்கள் ஒலிபெருக்கி என்போம். அன்னியர்கள் சந்து வழியாக வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று முடிவானது. பிறகு அந்தத் தொட்டி அவர்கள் வீட்டுப் பின்புறத்திலேயே இரண்டு துண்டாகக் கிடைத்தது, அவருடைய மருமகன் காரைப் பின்னால் எடுக்கும்போது இடித்துவிட்டு, வாயைத் திறக்காமல் ஒளித்துவைத்திருக்கிறார். ஆனால் அதற்குள் சுவர் எழுப்பத் தீர்மானம் போட்டாயிற்று. ஒரு தொட்டிக்காகத் தீர்மானத்தை மாற்ற முடியாது என்றார் சங்கத் தலைவர். அவர் பல் டாக்டர், எதையும் அடைத்துத்தான் அவருக்குப் பழக்கம். செயலாளர் யார் என்று உனக்குத் தெரியும். தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றபின் தரம் பார்க்க ஒன்றும் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த உன் அப்பாவுக்கு, வேறு யாரும் வேண்டாம் என்ற அந்தப் பதவி மடியில் வந்து விழுந்தது. அன்று முதல் சுற்றறிக்கை மேல் சுற்றறிக்கை. எல்லாவற்றையும் நான்தான் திருத்திக் கொடுப்பேன். "வடக்கு எல்லையில் உள்ள திறப்பை நிரந்தரமாக மூடுதல்" என்ற அறிக்கையையும் திருத்தினேன், விட்டுப்போன ஒற்றெழுத்துகளைப் போட்டேன், ஒரு நீள வாக்கியத்தை இரண்டாக்கினேன், படிக்க நன்றாக வந்தது. தினம் நான் நடந்துபோவது வடக்கே என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் ரயிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் ரயிலைவிட்டு இறங்கி வருகிறேன், சந்தில் மார்பளவுக்குச் சுவர். மேலே உட்கார்ந்து கலவை பூசிக்கொண்டிருந்த கொத்தனார் மிகவும் மரியாதையாக, "இப்பவே தாண்டிடுங்கம்மா, இன்னும் மூணு வரிசை ஏறிடுச்சுன்னா கஷ்டம்" என்றார். தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப் போட்டார், கை கொடுத்தார், என் பையை அந்தப் பக்கத்து ஆள் வாங்கிக்கொண்டார். இந்த வயதில், அச்சகத்துக்குக் கட்டிப்போன நல்ல புடவையோடு, என் புருஷன் கட்டுகிற சுவரை ஏறிக் குதித்து என் வீட்டுக்கு வந்தேன். உள்ளே நுழைந்ததும் உன் அப்பா முகமெல்லாம் சிரிப்பாக, "சுவரைப் பாத்தியா, எப்படி?" என்றார். பார்த்தேன், தாண்டியும் பார்த்தேன் என்றேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது, ஆனால் உடனே, பூச்சு இன்னும் காயலையே, கை வெச்சியா என்று கேட்டார்.

சின்னதாக ஒரு கதவு வையுங்கள் என்று கேட்டேன். "ஒரு மனுஷனா எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்ல. செயலாளரா நான் ஒண்ணும் பண்ண முடியாது. எழுத்துல குடு" என்றார், சாப்பாட்டு மேஜையில், நான் பரிமாறிக்கொண்டிருக்கும்போது. கொடுத்தேன். பதில் நம் வீட்டு வாசல் தபால் பெட்டியில் வந்தது, ஐயாவே போட்டுவிட்டு வந்திருக்கிறார். "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது." ஒரே வரி, அதில் இரண்டு பிழை. என்னிடம் காட்டாமல் அவர் சொந்தமாக எழுதிய முதல் கடிதம்.

அதன் பிறகு நடந்தது என்ன என்று கேள். பாத்திரம் தேய்க்க வந்தவர்கள் சுவருக்கு அந்தப் பக்கமே வேலை தேடிக்கொண்டார்கள். பல் டாக்டர் தன் வாசலைத் தானே பெருக்குகிறார், ஒலிபெருக்கி அம்மாவின் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, ரிப்பேருக்கு ஆளில்லை. யாரும் சுவர் என்ற வார்த்தையைச் சொல்வதில்லை. "இப்பல்லாம் எங்க ஆள் கிடைக்குது" என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்கிறார்கள். நான் வாடகைக் காருக்குக் காத்திருந்து, ரயிலைக் கோட்டைவிட்டு, அச்சகத்துக்குத் தாமதமாகப் போய் நின்றேன், ஒரு தடவை இல்லை, பல தடவை. முதலாளிப் பெரியவர் காலமான பிறகு அச்சகத்தைப் பார்த்துக்கொள்ளும் அவர் மகன் தங்கமான பிள்ளை, "நீங்க ஏம்மா கஷ்டப்படணும், வீட்டுக்கே கம்ப்யூட்டர்ல அனுப்பிடறேன், அங்கேயே பாருங்க" என்றான். அந்த மேஜையில் வேறு யாரையோ உட்காரவைக்கப் போகிறான் என்பது அதற்கு அர்த்தம். எனக்கு எழுத்தை மட்டும் பார்த்தால் போதாது. பக்கம் அமைக்கும் பெண்ணோடு ஒரு வரிக்காகச் சண்டை போட வேண்டும், மத்தியானம் அவளோடு ஜன்னலோரம் நின்று காபி குடிக்க வேண்டும். வீட்டில் வைத்துத் திருத்தினால் யாரோடு சண்டை போடுவது?

இதைச் சொன்னால் உன் அப்பா "நல்லதாப் போச்சு, இனிமே எதுக்கு அலைச்சல்" என்கிறார். எனக்கு வந்ததே கோபம். இதற்குத்தான் சுவர் கட்டினீர்களா என்று கேட்டுவிட்டேன். இல்லவே இல்லை என்று மூன்று விதமாகச் சொன்னார், தீர்மான எண் சொன்னார், பூந்தொட்டியைச் சொன்னார். கடைசியில் சுவிட்சுப் பலகையைப் பார்த்துக்கொண்டே, "காலைல நீ போனா ராத்திரிதான் வர்றே. இந்த வீட்டுல தனியா எவ்வளவு நேரம்தான் உக்காந்திருக்கறது" என்றார். பாவமாக இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை ஒரு வாக்கியமாகச் சொல்லியிருக்கலாம், இத்தனை செங்கல் அடுக்கிச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டரின் கார் கொட்டகையில் கூட்டம். என் கதவு மனுவை விவாதத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். கதவு என்றால் பூட்டு வேண்டும், பூட்டு என்றால் சாவி வேண்டும், சாவி யாரிடம் இருப்பது என்பதில் நெடுநேரம் போனது. ஒருவர் எழுந்து, "கதவு வெச்சா அது சுவரே இல்லையே சார்" என்று ஒரு தத்துவத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார், கைதட்டினார்கள். முடிவில் ஒரு துணைக்குழு அமைத்தார்கள், அதில் என்னையும் போட்டார்கள், துணைக்குழு வேலை நாட்களில் காலையில் கூடும். உன் அப்பா எல்லாவற்றையும் குனிந்த தலை நிமிராமல் குறித்துக்கொண்டார். என் பக்கம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆகவே நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன், பதறாதே. பக்கம் அமைக்கும் பெண்ணின் அக்கா வீடு, சுவருக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடியில், காலியாக இருக்கிறது. ஒரு படுக்கையறை, சின்னச் சமையலறை, ரயில் நிலையம் கூப்பிடு தூரம். திங்கட்கிழமை முதல் அங்கே இருக்கப்போகிறேன், ஞாயிறு இங்கே வருவேன், நெடுஞ்சாலை வழியாகத்தான். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. நீங்களும் வாங்க என்று நன்றாகவே சொல்லியிருக்கிறேன். நேற்று நான் பெட்டி அடுக்கும்போது வந்து வாசற்படியில் நின்று, "அங்க சங்கம் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப அங்க யார்கிட்டப் பேசறது?" என்றார். இத்தனை வருஷமாக எதிரில் உட்கார்ந்திருக்கும் மனுஷி என்ன சொல்வது? என் புடவைகளை மட்டும் மடித்து வைத்தேன். பெட்டியில் பாதி இடம் காலியாக இருக்கிறது, அதையும் அவர் பார்த்தார்.

நீ இதில் சமாதானம் செய்யப் புறப்பட்டு வராதே, மாப்பிள்ளையையும் பேசவைக்காதே. குட்டிக்குப் பல் ஆட ஆரம்பித்திருந்தால் கையால் இழுக்காதே, தானாக விழும். உன் முதுகுவலிக்கு அந்த நாற்காலியை மாற்று, எத்தனை தடவை சொல்வது. நீங்கள் மூன்று பேரும் நல்ல தூக்கமும் நல்ல பசியுமாக நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறென்ன வேண்டுதல். திங்கட்கிழமைக்குப் பிறகு எனக்கு எழுதினால் மறுபக்கத்தில் குறித்திருக்கும் புது முகவரிக்கு எழுது. அப்பாவுக்கு எந்த முகவரி என்பதை அவரையே கேட்டுக்கொள். ஆனால் எழுத்தில் கேட்காதே, பரிசீலிக்க ஆரம்பித்துவிடுவார். போன் பண்ணிக் கேள், அவர் பதில் சொல்லும்வரை போனை வைக்காதே.

என்றும் உன் நலம் நினைக்கும்
அம்மா