பாலத்தில் திரும்பி நிற்கும் மோட்டார்

என் அன்புச் சாந்திக்கு,

உன் மகள் நேற்று மேடை ஏறினாள். பாட்டும் இல்லை, ஆட்டமும் இல்லை. ஜோகூர் பாருவில் பள்ளிகளுக்கு நடந்த ரோபோ போட்டி. ரோபோ பந்துகளைப் பொறுக்கிக் கூடையில் போட வேண்டும். அதோடு ஒவ்வொரு குழுவும் தானே வரைந்த பேனரைத் தொங்கவிட்டு, அதில் என்ன இருக்கிறது என்று நடுவர்களுக்கு விளக்க வேண்டும். யாழினியின் குழுவில் வரையும் வேலை அவளுக்கு. பெர்மாஸ் ஜெயா வீடு முழுக்க ஒரு வாரமாகப் பெயிண்ட் வாடை. நீ இருந்திருந்தால் எங்கள் இருவரையும் வெளியே துரத்தியிருப்பாய்.

அவள் வரைந்தது நம் பாலத்தை. விடியற்காலையில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிள்கள், முதுகும் ஹெல்மெட்டுமாக. மேலே அவர்களுடைய ரோபோ கைகளை விரித்து நிற்கிறது. மழையில் நீ சறுக்கி விழுந்து எங்களை விட்டுப் போன அதே பாலம். பெயிண்ட் டப்பாக்களை அடுக்கி வைப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

கூட்டத்தில் ஒரு மோட்டார் மட்டும் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. பயம் வந்தால் எனக்குக் கேலிதானே வரும், உனக்குத் தெரியாததா? "எதிர்ப்பக்கம் ஓட்டுற இந்தாளுக்குப் போலீஸ் சம்மன் நிச்சயம்லா" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

நேற்று நடுவர்களில் ஒரு தமிழம்மா, அந்த மோட்டாரைத்தான் தொட்டுக் காட்டி இது ஏன் இப்படி என்று கேட்டார். யாழினி என் பக்கம் பார்க்கவே இல்லை.

"அது எங்கப்பா. கிளம்பின உடனே திரும்பி வந்துடணும்னு அப்படி வரைஞ்சேன்."

பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர்களுக்கு ஏதோ பரிசுகூடக் கிடைத்தது, என்னவென்று என் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து மெல்லக் கேட்டேன். நான் மோட்டாரைக் கிளப்பும் சத்தத்தில் தினமும் விழித்துவிடுகிறாளாம். நான் திரும்பி வரும்வரை பயத்தில் பள்ளியிலும் எதுவும் மண்டையில் ஏறுவதில்லையாம். தூங்குகிற பிள்ளையை எழுப்பக்கூடாது என்று, விளக்குகூடப் போடாமல் பூனை மாதிரி கிளம்பிக்கொண்டிருந்தேன் சாந்தி. நீ விழுந்த இடத்தை நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கடக்கிறேன். ஒருவருக்கொருவர் மறைத்து என்னத்தைக் கண்டோம்?

கடைசியாக ஒன்று சொன்னாள்: "அம்மாவாச்சும் சொல்லிட்டுப் போனாங்க. நீங்க சொல்றதே இல்லப்பா."

உண்மைதான். அன்று வாசலில் நின்று "போயிட்டு வரேன்" என்று நீ சொன்னாய். அதற்குப் பிறகு அந்த வார்த்தை என் வாயில் வருவதில்லை. சொன்னால் அதுவும் பொய்யாகிவிடுமோ என்று பயம். இதை அவளிடம் எப்படிச் சொல்வேன்? நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

திங்கட்கிழமை முதல் மோட்டாரை விட்டுவிட்டு பஸ்ஸில் போகிறேன். இன்னும் சீக்கிரம் எழ வேண்டும், பரவாயில்லை. விளக்கைப் போட்டு, அவளை எழுப்பி, முகத்தைப் பார்த்து "போயிட்டு வரேம்மா" என்று சொல்வேன். குரல் நடுங்கும், அவளுக்கும் அது தெரிந்துவிடும். தெரியட்டும். நடுங்கிக்கொண்டே சொல்வேன், சாயங்காலம் அவள் முன்னால் வந்து நிற்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. பாலத்தில் பஸ் ஏறும்போது மட்டும் நீ கொஞ்சம் பார்த்துக்கொள்.

இன்னும் பயந்துகொண்டிருக்கும்
உன் வீட்டுக்காரன்,
யாழினியின் அப்பா