அக்காவைப் பகைத்துக்கொண்ட வருடம்

1988 மார்ச் 9, புதன்

நேற்று மகளிர் தினம். ஆரஞ்சுப் பழம் கட்டும் கொட்டகையில் கூட்டம், கைதட்டல், ஆளுக்கு ஒரு பூ. இன்று மருத்துவ நிலையத்தில் பதினோரு ஊசி போட்டேன், ஒரு உடைந்த விரலுக்குக் கட்டுப் போட்டேன். சாதாரண நாள்தான், என் கணவன் ஹரில்லா வீட்டுக்கு வரும்வரை.

வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் வானொலியைச் சத்தமாக வைத்தான். எங்கள் வீட்டில் வானொலி அலறினால் ஏதோ பேசவேண்டியிருக்கிறது என்று அர்த்தம். சுவர் மெல்லியது.

"இந்த வருஷம்," என்றான்.

"எது இந்த வருஷம்?"

ஜன்னலைப் பார்த்தான். வெளியே கடல். இந்தப் பக்கம் எங்கள் அல்பேனியா, கடலுக்கு அந்தப் பக்கம் கோர்ஃபு, கிரேக்கர்களின் தீவு. மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. அங்கே மலைமேல் கார்கள் ஏறி இறங்குவது எங்கள் சமையலறையிலிருந்தே தெரியும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாக அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கப் பழகியிருக்கிறேன்.

மாட்டேன் என்று நான் சொல்லவில்லை.

மார்ச் 12

இதை எழுதுவது முட்டாள்தனம். இந்த நோட்டு யார் கையிலாவது கிடைத்தால் பத்து வருடம் உள்ளே. ஆனால் எழுதாவிட்டால் வாய் தானாகத் திறந்துகொள்ளும் போலிருக்கிறது. மருத்துவ நிலையத்து ரப்பர் விரிப்பில் சுற்றி மாவு டப்பாவுக்கு அடியில் வைக்கிறேன்.

மார்ச் 20, ஞாயிறு

மலையடிவாரத்தில் நடந்துகொண்டே பேசினோம். லேடா முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. அவளுக்கு எதுவும் தெரியக்கூடாது.

கடலைவிட எனக்குப் பயம் எஃப்தாலி அக்காவை நினைத்துத்தான். நாங்கள் நான்காம் மாடி, அவள் அதே கட்டடத்தில் இரண்டாம் மாடி. யாராவது தப்பி ஓடினால் மிச்சமிருக்கும் ரத்த சொந்தத்தை லாரியில் ஏற்றி வடக்கே சதுப்பு நிலத்துக்குக் கொண்டுபோய் விடுவார்கள். எத்தனை வருடம் என்று யாரும் சொல்வதில்லை. ஹரில்லா அநாதை இல்லத்தில் வளர்ந்தவன், அவனுக்கு யாருமில்லை. எனக்கு இருப்பது அக்கா ஒருத்திதான்.

"அவளையும் கூட்டிட்டுப் போவோம்," என்றேன்.

"அவகிட்டச் சொன்னா நாஷோகிட்டச் சொன்ன மாதிரி. நாஷோகிட்டச் சொன்னா..." அவன் முடிக்கவில்லை. நாஷோ அக்காவின் கணவர். கூட்டுப்பண்ணை லாரி ஓட்டுகிறார். கெட்டவர் இல்லை. பயந்தவர்.

ஒரே வழிதான் இருக்கிறது என்றான் ஹரில்லா. முன்னாலேயே உறவை முறித்துக்கொண்டவர்களை விட்டுவிடுகிறார்கள். ஊரறியச் சண்டை நடந்திருக்க வேண்டும். கட்டடக் கமிட்டியின் காகிதத்தில் ஏறியிருக்க வேண்டும். நாளைக்கு நாம் ஓடினாலும் 'அவளோடு எனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை' என்று அக்கா கையெழுத்துப் போட்டால் நம்புவார்கள்.

"நிஜச் சண்டையா இருக்கணும், க்சேனி. அவளும் நம்பணும்."

அம்மா போனபோது எனக்கு ஆறு வயது. அதன்பிறகு எனக்குத் தலை பின்னி விட்டவள் அக்காதான்.

ஏப்ரல் 3

முதல் முயற்சி. அவள் துணி காயப்போடும் கம்பிக்கு நேர் மேலே நின்று அழுக்குத் தண்ணீரைக் கொட்டினேன். மேலே வந்தாள். சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"கண்ணு தெரியலையாடி உனக்கு?" என்று சிரித்தாள். "வயசாகுது. சரி, வர்ற ஞாயித்துக்கிழமை போர்வை துவைக்கணும், கூட வந்து புழி."

போனேன். பிழிந்தேன்.

ஏப்ரல் 17

கமிட்டித் தலைவி தோழர் விட்டோரி காதில் விழும்படி, எங்கள் வீட்டுச் சர்க்கரையை அக்கா எடுத்துவிட்டாள் என்று சொன்னேன். சாயங்காலம் அக்கா ஒரு கிண்ணம் சர்க்கரையோடு வந்து நின்றாள். எடுத்தேனா இல்லையா என்றுகூடப் பேசவில்லை. "குறைஞ்சா கேக்க வேண்டியதுதானே, திருடி கிருடின்னு ஊர் பூரா சொல்லணுமா," என்றாள்.

இவளோடு எப்படிச் சண்டை போடுவது?

மே 2

எழுத முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

சிப்பிப் படகில் ஹரில்லாவோடு வேலை செய்த பெத்ராக். இருபத்திரண்டு வயது. முந்தாநாள் கடலில் இறங்கியிருக்கிறான். இன்று அவன் உடம்பை லாரியில் போட்டு, பின்பலகையைத் திறந்து வைத்து, ஊருக்குள் மூன்று தடவை ஓட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பார்க்கச் சொன்னார்கள்.

லாரி நாஷோவுடையது. ஓட்டியதும் அவர்தான். ஓட்டச் சொன்னார்கள். மாலை முழுக்க முற்றத்தில் குழாய் வைத்து லாரியைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

லேடா சாப்பாட்டு மேசையில் சொன்னாள்: "அவர் காதுல மண்ணு இருந்துச்சும்மா."

வேண்டாம், விட்டுடலாம் என்று ஹரில்லாவிடம் சொல்லப் போனேன். வாயிலிருந்து வந்தது வேறு. "எப்போ?"

மே 15, ஞாயிறு

செய்துவிட்டேன்.

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. மூன்று முறை தங்கி மூன்று முறை போனது. மூன்றாவது முறை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸ் நான். அப்போது அவள் என்னிடம் சொன்னதை நாஷோவிடம்கூடச் சொன்னதில்லை. எங்கே குத்தினால் ரத்தம் வரும் என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கீரை வைத்துச் சுட்ட பைரெக் தட்டோடு படியேறி வந்துகொண்டிருந்தாள். லேடாவுக்காக. விட்டோரி தன் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு கதவுகள் திறந்திருந்தன. இதுதான் நேரம் என்று தெரிந்தது.

கத்தினேன். "உன் வயித்துல ஒண்ணும் தங்கல. அதுக்கு என் பிள்ளைதான் கிடைச்சாளா உனக்கு? தின்னக் குடுத்துக் குடுத்து அவளை என்கிட்டேருந்து பறிக்கப் பாக்குற. இனி என் வாசப்படி ஏறாதே."

அவள் முகம்... வேண்டாம்.

தட்டைக் கவிழாமல் மெதுவாகப் படியில் வைத்தாள். "கத்தாதே. லேடா காதுல விழும்," என்றாள். இறங்கிப் போனாள். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

விட்டோரி விளக்குமாற்றில் சாய்ந்து நின்று, "நல்லாத்தான் கேட்ட, தோழர்," என்றாள்.

மே 16

வேலைக்குப் போனேன்.

ஜூன் 8

கமிட்டிக் கூட்டம். எங்கள் சண்டையால் கட்டடத்தின் நற்பெயர் கெடுகிறதாம். விட்டோரி இருவரையும் எழுந்து நிற்கச் சொன்னாள். நான் என் பாட்டை ஒப்பித்தேன். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் அவளுக்கும் பேச்சு இல்ல," என்றாள். அவ்வளவுதான். விட்டோரி எழுதிக்கொண்டாள்.

காகிதத்தில் ஏறிவிட்டது. நினைத்தது நடந்துவிட்டது.

ஜூன் 21

லேடாவை அடித்தேன். அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். கதவைத் தட்டவில்லையாம். சும்மா உட்கார்ந்திருந்தாளாம்.

"பெரியம்மா என்ன தப்பு பண்ணாங்க?"

சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. இன்னொரு அடி கொடுத்தேன்.

ஆகஸ்ட் 4

கரையில் குளிக்க விடும் எல்லைக்குள்ளேயே லேடா முப்பது தடவை குறுக்கும் நெடுக்குமாக நீந்துகிறாள். விளையாட்டுப் போட்டிக்கு என்று சொல்லிவைத்திருக்கிறோம். ஹரில்லா டிராக்டர் டயரின் பழைய ட்யூப் இரண்டைத் தேற்றிவிட்டான். ஒட்டுப் போட்டது.

இனி மழை வேண்டும். நல்ல மழை. கரையோரக் கம்பி வேலிக்கு முன்னால் மண்ணை உழுது, சீவிச் சமப்படுத்தி வைத்திருக்கிறார்கள். கோழி நடந்தாலும் தடம் தெரியும். மழை அடித்தால் தடம் கரையும், கடலைத் துழாவும் விளக்கும் பத்தடி தாண்டாது. வேலிக்குக் கீழே ஓடை போகும் இடம் ஹரில்லாவுக்குத் தெரியும்.

ஆகஸ்டில் எங்கே மழை.

செப்டம்பர் 18

மூன்று மணிக்கு வானம் கறுத்தது. கிளம்பினோம். ஒலிவ் மரங்களைத் தாண்டும்போது மழை நின்றது. சட்டென்று, யாரோ குழாயை மூடியது போல. சூரியன் வேறு வந்துவிட்டது. திரும்பும் வழியெல்லாம் கீரை பிடுங்கிக்கொண்டே வந்தோம். வாசலில் விட்டோரி.

"மழையிலயா கீரை?"

"மழை விட்டதும்தான் இளசா இருக்கும், தோழர்," என்றான் ஹரில்லா.

அவள் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். எங்கள் மூவரின் காலணிகளையும் பார்த்தாள்.

அக்டோபர் 2

தூக்கமில்லை. விட்டோரி என்ன நினைக்கிறாள்? நேற்று யாரோ ஹரில்லா வேலை செய்யும் இடத்துக்கு வந்து அவனைப் பற்றி விசாரித்துப் போனார்களாம். சும்மாவா? சும்மாவாக இங்கே எதுவும் நடக்காது. மழை, மழை, மழை.

அக்டோபர் 9, ஞாயிறு. பகல் இரண்டு மணி

காலையிலிருந்து கொட்டுகிறது. நிற்பதாகத் தெரியவில்லை. இந்த நோட்டை ரப்பர் விரிப்பில் இரண்டு சுற்று சுற்றி இடுப்பில் கட்டப்போகிறேன்.

அக்டோபர் 12. கோர்ஃபு, காவல் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை

மூவரும் இருக்கிறோம். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

படியிறங்கும்போது இரண்டாம் மாடிக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மிளகாய் வதங்கும் வாசனை. அக்கா எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. "தலையில ஏதாவது கட்டிக்கோ லேடா," என்றாள். மே மாதத்துக்குப் பிறகு அவள் குரலை அவ்வளவு பக்கத்தில் கேட்டது அன்றுதான். நான் நிற்கவில்லை. நின்றிருந்தால் போயிருக்க மாட்டேன்.

ஓடையில் வயிற்றால் ஊர்ந்தோம். கம்பி என் முதுகைக் கிழித்தது. தண்ணீரில் இறங்கும்போதுதான் லேடாவிடம் சொன்னோம். அழுவாள் என்று நினைத்தேன். "பெரியம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

பாதி வழியில் ஒரு ட்யூப் வெடித்தது. மூன்று பேரும் ஒன்றில். கரை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, மழையும் கடலும் ஒரே நிறம். லேடாவின் உதடு நீலமாகிவிட்டது. பாடம் ஒப்பிக்கச் சொன்னேன், நிறுத்தினால் கிள்ளினேன். வாய்ப்பாடு ஏழு வரை வந்தாள், எட்டில் குழறினாள். அப்போது பாறை ஹரில்லாவின் முழங்காலில் இடித்தது.

போலீஸ்காரர் எங்கிருந்து என்று கேட்டார். அல்பேனியா என்றேன். அவர் தன் கோட்டைக் கழற்றி லேடாவுக்குப் போர்த்தினார்.

அக்கா பிழைத்துக்கொள்வாள். காகிதம் இருக்கிறது. ஒரு கையெழுத்துதானே.

1989 பிப்ரவரி 23

ஹரில்லா மீன்பிடிப் படகில், நான் ஒரு ஹோட்டலில் அறை துடைக்கிறேன். இன்று எங்கள் ஊர் க்ஸமிலிலிருந்து இன்னொருவன் நீந்தி வந்து சேர்ந்தான். பழக் கொட்டகையில் வேலை பார்த்த ஈலோ. அவனிடம் கேட்டேன். முதலில் சொல்ல மறுத்தான்.

நாங்கள் போன மூன்றாம் நாள் அச்சடித்த காகிதத்தோடு வந்தார்களாம். நாஷோ கையெழுத்துப் போட்டார். அதுவும் போதாது என்றார்கள். மனைவியை விவாகரத்தும் செய்தார். அக்கா முன்னால் காகிதத்தை வைத்தார்கள். நான் மக்கள் விரோதி, பிறந்ததிலிருந்தே கெட்டவள் என்று அதில் இருந்ததாம்.

அவள் சொன்னாளாம்: "அவளுக்கும் எனக்கும் பேச்சே இல்ல. அப்புறம் அவளைப் பத்தி நான் என்னத்தைக் கையெழுத்துப் போட?"

விட்டோரி கெஞ்சினாளாம். விட்டோரியே. "சும்மா ஒரு கையெழுத்து, எஃப்தாலி. அவ உன்னைப் படியில வச்சு என்ன கேட்டான்னு நான் சாட்சி."

போடவில்லை. ஒரு மெத்தை, ஒரு பெட்டி. லாரியில் ஏறும்போது தனியாக இருந்தாளாம்.

பிப்ரவரி 24

ஹரில்லா, "நாம நல்லதுக்குத்தானே செஞ்சோம்," என்றான்.

1990 ஜனவரி 7

அக்காவுக்கு எழுதிய இன்னொரு கடிதம் திரும்பி வந்தது. பிரித்துப் படித்து ஒட்டியிருக்கிறார்கள்.

1991 ஏப்ரல் 14, ஞாயிறு

வியாழக்கிழமை அக்கா வந்தாள். சதுப்பு நிலக் கிராமங்களைத் திறந்து விட்டுவிட்டார்கள். எல்லையை நடந்தே கடந்து, கப்பல் ஏறி. துறைமுகத்தில் அடையாளம் தெரியவில்லை, முன்பற்கள் இல்லை. நாற்பத்தேழு வயதுதான். பருப்பு சூப் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுப் பதினான்கு மணி நேரம் தூங்கினாள்.

இன்று காலை ஹரில்லா வெளியே போன பிறகு கேட்டாள்.

"அன்னைக்குப் படியில சொன்னது. வேணும்னே சொன்னதா?"

எல்லாவற்றையும் சொன்னேன். அழுக்குத் தண்ணீர், சர்க்கரை, காகிதம், எல்லாம். கேட்டுக்கொண்டே ரொட்டியைப் பிய்த்துச் சின்னச் சின்ன உருண்டையாக்கினாள்.

"எனக்கு அது தெரியாது. நிஜம்னுதான் நெனச்சேன். பீட்ரூட் வயல்ல குனிஞ்சு நிமிரும்போதெல்லாம் அதான் காதுல கேக்கும்."

"அப்புறம் ஏன் கையெழுத்துப் போடல?"

அசடைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். "கோவம் எனக்கு உன்மேல. அதைத் தூக்கி எதுக்கு அவங்ககிட்டக் குடுக்கணும்?"

அழ ஆரம்பித்தேன். அவள் அழவில்லை. என் பக்கம் வரவும் இல்லை. ரொட்டி உருண்டைகளை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டாள். "அந்தக் கோவம் இன்னும் இருக்கு," என்றாள்.

அப்போது லேடா எழுந்து வந்தாள். பன்னிரண்டு வயது, என் தோள் உயரம். அக்கா அவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, தலையை அவிழ்த்துப் பின்ன ஆரம்பித்தாள்.

"உங்கம்மாகிட்டச் சொல்லு," என்றாள் அவளிடம். "அந்த ஹோட்டல்ல எனக்கும் ஒரு வேலை கேட்டு வைக்கட்டும். சும்மா உக்காந்து சாப்பிட எனக்குப் பழக்கமில்ல."

நான் ஒரு அடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தேன்.

நாளைக்கே கேட்கிறேன் என்று லேடாவிடம் சொன்னேன்.