செம்போத்து பதில் சொன்ன காலை

என் தங்கமான கமலா அக்காவுக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு வந்த முதல் மார்கழி இது. பனி விலகுவதற்கு முன்பே பிள்ளைகள் குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டருமாகப் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறார்கள், காட்டுக்குக் கூட்டிப் போங்க மிஸ் என்று. நீ ஆரம்பித்துவைத்த வெள்ளிக்கிழமை வகுப்பை யாரால் நிறுத்த முடியும்? உன் ஒன்றாம் வகுப்பை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

இரும்புலியூர் தாண்டி அந்தப் புதர்க்காடு அப்படியேதான் இருக்கிறது. மரவட்டையைக் குச்சியால் தொட்டுச் சுருளவைப்பதும், சிலந்தி வலையில் பனித்துளியை ஊதிவிடுவதுமாக ஒரே கும்மாளம். ஆனால் பின்னால் இருக்கிற பழைய கல்குவாரி இந்த மழையில் விளிம்புவரை நிரம்பிவிட்டது. தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடக்கிறது. அந்தப் பக்கம் போகக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் கத்துகிறேன்.

உன் வழக்கப்படிதான் ஆளுக்கொரு பறவைப் பெயர் வைத்தேன். அட்டெண்டன்ஸும் அதே மாதிரிதான். நான் அந்தப் பறவை போலக் கூவ வேண்டும், பிள்ளை அதே குரலில் பதில் கூவ வேண்டும். போன வாரம் மைனா வந்தது, கிளி வந்தது, காக்கா தொண்டை கிழியக் கத்தியது. கலா என்று ஒரு வாயாடி, அவள்தான் செம்போத்து. "ஊப் ஊப்" என்றேன். குவாரிப் பக்கத்துப் புதரிலிருந்து "ஊப் ஊப் ஊப்" என்று பதில் வந்தது.

என்ன குரல் அக்கா அது! கூச்சப்படுகிற பிள்ளைக்காக நீ மரத்துக்குப் பின்னாலிருந்து கூவுவாயே, அச்சு அசல் அதேதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலாவின் முகத்தைத் தேடாமலேயே அடுத்த பறவைக்குப் போய்விட்டேன்.

"மிஸ், கலா இங்க இல்லியே" என்றான் அவளோடு ஜோடி சேர்த்து நான் நடக்கவிட்டிருந்த பையன்.

"இப்பதானேடா பதில் சொன்னா?"

"அது நெஜப் பறவ மிஸ். தோ, அங்க பறந்துகினு போவுது பாருங்க."

ஐயோ! மற்றவர்களைக் கூட வந்திருந்த பள்ளிக்கூட ஆயாவிடம் விட்டுவிட்டு முள்ளென்றும் பார்க்காமல் ஓடினேன். குவாரி விளிம்பில் நின்றிருந்தாள். அவளுடைய செருப்பு ஒன்று தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

இழுத்து அணைத்துக்கொண்டு முதுகில் ரெண்டு வைத்தேன். "நீங்கதான மிஸ் கூப்டீங்க? இந்தப் பக்கமா கூப்டுகினே இருந்தீங்க" என்று தேம்பினாள்.

அவளுடைய அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். "செம்போத்து வலத்தால போச்சா, எடத்தால போச்சா மிஸ்?" என்று சகுனம் மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

உன்மேல் கோபம் கோபமாக வருகிறது அக்கா. நீ இருந்தவரை ஒரு நாளாவது இப்படி ஆகியிருக்குமா? பறவைதான், எனக்கும் தெரியும். ஆனால் அது ஏன் உன் குரலில் கூப்பிட வேண்டும்?

வரும் வெள்ளிக்கிழமையும் போவோம், பிள்ளைகள் விடமாட்டார்கள். இனிமேல் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொரு தலையையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் நகர்வேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் காட்டில் நீயே வந்து என்னைக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கமாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
வசந்தா